பின்கட்டில் செயற்கைப் புல், மேலே ரெண்டு நாய்: எதைப் பார்த்து வாங்குவது?

வேளச்சேரி வாசி
2 மார்ச் 2024, காலை 7.40

வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 10 அடி இடம். சுத்தக் களிமண். மழைக்குச் சேறு, வெயிலுக்கு வெடிப்பு. ஒரு லேப் (லேப்ரடார்), ஒரு சிப்பிப்பாறை. கடைக்காரர் 50 மி.மீ. உயரப் புல்லைக் காட்டி, "மெத்துனு இருக்கும் சார், மண்ணு மேலயே விரிச்சிடலாம்" என்கிறார். 35 மி.மீ. விலை குறைவு. எதை வாங்குவது?

சரளை
2 மார்ச், காலை 9.20

50ஐ விட்டுடுங்க. நாய் புழங்கும் இடத்துக்கு 25 முதல் 35 மி.மீ. போதும். உயரம் கூடக்கூட இழை சாயும். சாய்ந்த இழைக்குள் மலம் சிக்கும், இளக்கமாகப் போய்விட்டால் சுரண்டியும் எடுக்க முடியாது. மெத்து என்பது கடையில் கையால் தடவும் வரைக்கும்தான்.

ஆனால் உயரம் ரெண்டாவது கேள்வி. முதலில் புல்லைப் புரட்டி முதுகைப் பாருங்க. கறுப்பாக ரப்பர் மாதிரி பூசி, நாலு இஞ்சுக்கு ஒரு ஓட்டை போட்டிருந்தால் பெரும்பாலும் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்கிற செயற்கை ரப்பர். சதுர மீட்டருக்கு நூறு ஓட்டை வரும். மழைத்தண்ணி இறங்க அது போதும். நாய் மூத்திரம் வேற கணக்கு. ரெண்டு ஓட்டைக்கு நடுவில் விழுந்தது பக்கவாட்டில் ஊர்ந்துபோய் ஓட்டையைத் தேடணும். பாதி வழியில் காய்ந்துபோகும். காய்ந்து தங்கினதுதான் அப்புறம் நாறும்.

பாலியூரித்தேன் பூசின முதுகு லேடெக்ஸைவிட ஈரத்தைத் தாங்கும். அதைவிட நல்லது, ஓட்டையே தேவைப்படாமல் முழுப்பரப்பும் தண்ணி விடுகிற நெசவு முதுகு. விலை கூடத்தான். உயரத்தில் மிச்சம் பிடிக்கிற காசை முதுகில் போடுங்க.

மண்ணு மேல விரிப்பதெல்லாம் கல்யாண மண்டபத்து மேடைக்கு. களிமண்ணில் அப்படிப் போட்டால் முதல் மழையிலேயே குழி குழியா அமுங்கி, ஒவ்வொரு குழியிலும் மூத்திரத்தண்ணி நிற்கும்.

சரளை
2 மார்ச், காலை 9.55

விட்டுப்போனது. இழை எதில் செய்தது என்று கேளுங்க. பாலிஎத்திலீன் மிருதுவானது, ஈரம் உறிஞ்சாது. பாலிப்ரோப்பிலீன் விறைப்பு, மலிவு. நைலான் உறுதி, ஆனால் ஈரத்தைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும், நாய்க்கு ஒத்துவராது. பச்சைக்கு நடுவே காய்ந்த புல் மாதிரி பழுப்பாகச் சுருண்டு கிடப்பது பார்க்க அழகு. ஆனால் முடி, சாணித் துணுக்கு, வேப்பம்பூ எல்லாம் தங்குவதும் அந்தச் சுருளில்தான். சுருள் குறைவாக உள்ளதை எடுங்க.

மொட்டைமாடி
2 மார்ச், மதியம் 1.10

வெயிலைப் பத்தி யாரும் பேசலையே. இப்பவே வெளியே வெறுங்காலோடு நிக்க முடியல.

சரளை
2 மார்ச், இரவு 8.30

சரியான இடத்தில் பிடிச்சீங்க. அமெரிக்காவில் யூட்டாவிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகம் தன் செயற்கைப் புல் மைதானத்தை 2002இல் அளந்து பார்த்தது. காற்று 37 டிகிரி இருந்த நாளில் புல்லின் மேற்பரப்பு அதிகபட்சம் 93 டிகிரி செல்சியஸ். 79 டிகிரியில் இருந்த இடத்தில் தண்ணி அடித்ததும் 29க்கு இறங்கியது. அஞ்சு நிமிஷத்தில் 49. இருபது நிமிஷத்தில் 73. அது ரப்பர் துகள் போட்ட விளையாட்டு மைதானம், வீட்டுப் புல் அவ்வளவு போகாமல் இருக்கலாம். ஆனால் கத்திரி வெயிலில் "தண்ணி அடிச்சா ஆறிடும்" என்று யாராவது சொன்னால் இந்த இருபது நிமிஷத்தை ஞாபகம் வச்சுக்குங்க.

சோதனை எளிது. கடையில் ஒரு அடி சதுரத் துண்டு கேட்டு வாங்கி, மதியம் ஒரு மணிக்கு வெயிலில் அரை மணி நேரம் போட்டு, புறங்கையை ஏழு விநாடி வையுங்க. வைக்க முடியலைன்னா நாயின் பாதத்துக்கும் ஆகாது. நாய்க்கு வியர்வைச் சுரப்பி இருப்பதே பெரும்பாலும் பாதத்தில்தான். அங்கேயும் சுட்டால் அது எங்கே போகும்? நிழலே இல்லாத இடத்தில் செயற்கைப் புல் போடாதீங்க. 75 சதவீத நிழல்வலை கட்டின பிறகு புல்லை யோசிக்கலாம்.

கோம்பைக்காரர்
3 மார்ச், காலை 6.50

சரளை அண்ணன் சொன்ன துண்டை வச்சே இன்னும் மூணு சோதனை செய்யலாம்.

ஒன்று, பழைய செய்தித்தாள் மேல் துண்டை வச்சு ஒரு டம்ளர் தண்ணியை ஒரே இடத்தில் ஊத்துங்க. பத்து விநாடியில் பேப்பர் நனையணும். துண்டைச் சுத்தித் தண்ணி வழிந்து ஓடினால் வேண்டாம்.

ரெண்டு, மூக்குக் குறடால் நாலைந்து இழையைச் சேர்த்துப் பிடித்து இழுங்க. கொத்தோடு பிடுங்கி வந்தால், லேப் அந்த வேலையை ஒரு வாரத்தில் முடிச்சிடும். விழுங்கின இழை குடலில் சிக்கினால் அறுவை வரைக்கும் போகும்.

மூணு, அடுத்த நாள் காலை துண்டின் முதுகைத் தொட்டுப் பாருங்க. இன்னும் ஈரமாக இருந்தால் அந்த முதுகு தண்ணி குடிக்குது.

வேளச்சேரி வாசி
3 மார்ச், காலை 10.05

துண்டு தர மாட்டேன்கிறார். "ரோல் எடுத்தா தர்றேன்" என்கிறார்.

கோம்பைக்காரர்
3 மார்ச், காலை 10.12

கடையை மாத்துங்க.

சரளை
3 மார்ச், இரவு 9.40

அளவுக் கணக்கு. ரோல் அகலம் 2 மீட்டர், ஆறரை அடி சொச்சம். 20க்கு 10 இடத்துக்கு ரெண்டு வழி:

நீளவாக்கில் 20 அடித் துண்டு ரெண்டு. ஒரே தையல். வாங்குவது 262 சதுர அடி, அறுபது சதுர அடிக்கு மேல் வெட்டி எறியணும்.

குறுக்குவாக்கில் 10 அடித் துண்டு மூணு. ரெண்டு தையல். வாங்குவது 197 சதுர அடி, மூணும் சேர்ந்து 19 அடி 8 இஞ்சு. நாலு இஞ்சு குறையும். அந்த நாலு இஞ்சுக்கு ஓரத்தில் ஒரு வரிசை கல் பதிச்சால் வேலை முடிந்தது.

சரளை
4 மார்ச், காலை 7.15

நேத்து எழுதினதில் தப்பு. தையல் போடும் ஓரத்தில் மூணு வரிசை இழையை வெட்டி எடுக்கணும், இல்லைன்னா சேரும் இடம் கோடு மாதிரி தெரியும். வரிசைக்கு வரிசை முக்கால் இஞ்சில் பாதி, ஆக ஓரத்துக்கு ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல் போகும். ரெண்டு தையலுக்கு நாலு ஓரம். வெளி ஓரத்திலும் கொஞ்சம் சீவணும். எல்லாம் கழிச்சால் குறைவது நாலு இஞ்சு இல்லை, ஒன்பது.

ஒன்பது இஞ்சு என்றால் நம்மூர் செங்கல்லின் நீளம். செங்கல்லைக் குறுக்காகப் படுக்க வச்சு ஒரு வரிசை ஓட்டிட்டால் அளவு கச்சிதமாக உட்காரும். தெரியாமல் வந்த நல்லது. அந்த வரிசையைச் சுவர் ஓரமாகப் போடுங்க.

மூணு துண்டுக்கும் இழை ஒரே பக்கம் சாயணும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் நிறமே வேறயாகத் தெரியும், அப்புறம் சரிபண்ண முடியாது.

ஜல்லி லாரி
4 மார்ச், காலை 11.30

அடித்தளம் பற்றி நான் சொல்றேன்.

நாலரை இஞ்சு தோண்டணும். தோண்டின களிமண்ணுக்கே முதலில் சரிவு கொடுங்க, எட்டு அடிக்கு ஒரு இஞ்சு. பல பேர் ஜல்லிக்கு மேலே மட்டும் சரிவு பார்ப்பாங்க. கீழே களிமண் கிண்ணமாக இருந்தால் அந்தக் கிண்ணத்தில்தான் எல்லாம் தேங்கும்.

மண்ணு மேல ஜியோ டெக்ஸ்டைல் துணி, தண்ணியை விடும், மண்ணையும் ஜல்லியையும் கலக்க விடாது. மேலே முக்கால் இஞ்சு ஜல்லி மூணு இஞ்சு கனத்துக்கு. 200 சதுர அடிக்கு 50 கன அடி, அதாவது அரை யூனிட். 55 சொல்லுங்க. அதன் மேல் கால் இஞ்சு சிப்ஸ் (பொடி ஜல்லி) ஒரு இஞ்சு கனத்துக்கு, 18 கன அடி. அடுக்கு அடுக்காகத் தண்ணி தெளிச்சு பிளேட் காம்பேக்டர் (அமுக்கும் மெஷின்) ஓட்டணும். வாடகைக்குக் கிடைக்கும்.

ரெண்டு விஷயம் செய்யாதீங்க. மேல் அடுக்குக்கு எம்-சாண்ட், கிரஷர் தூள் போடாதீங்க. வேற வீட்டுக்கு அது நல்ல மட்டம் கொடுக்கும், நாய் வீட்டுக்குப் பஞ்சு மாதிரி மூத்திரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ஜியோ துணியைப் புல்லுக்கு நேர் அடியிலும் போடாதீங்க, அதுவும் அதே வேலைதான் செய்யும். துணியின் இடம் ஜல்லிக்குக் கீழே.

மொட்டைமாடி
4 மார்ச், மதியம் 2.00

மாடியில் ஜல்லி கொட்ட முடியாதே?

ஜல்லி லாரி
4 மார்ச், மதியம் 2.20

மாடிக்கு ட்ரெய்ன் செல், தண்ணி வடிய விடும் பிளாஸ்டிக் தட்டு, 20 மி.மீ. உயரம் போதும். கட்டம் கட்டமாக ஒன்றோடொன்று கோர்த்துக்கும். முதலில் வாட்டர் ப்ரூஃபிங் சரியா பாருங்க, ஆணி அடிக்கவே கூடாது.

கோம்பைக்காரர்
5 மார்ச், காலை 6.30

சுவரோரத்துக்குச் செங்கல் சரியான யோசனை. சிப்பிப்பாறை ஓடுவது காம்பவுண்டை ஒட்டித்தான், தெருவில் எது போனாலும் கூடவே ஒரு ஓட்டம். அந்தத் தடத்தில்தான் இழை முதலில் தேயும். மூலையில் அது சட்டென்று திரும்பும்போது பின்னங்கால் புல்லைப் பக்கவாட்டில் தள்ளும், தையல் பிரிவதும் அங்கேதான். தையல் மூலைக்கு ரெண்டு அடிக்குள் வராமல் துண்டைப் போடுங்க.

இன்னொன்று உண்ணி. பழுப்பு நாய் உண்ணி முட்டையிடுவது நாய் உடம்பில் இல்லை, சுவர் இடுக்கில். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். புல்லுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு இருந்தால் அதைவிட நல்ல வீடு அதுக்குக் கிடையாது. செங்கல்லைச் சுவரோடு சிமெண்ட் வச்சு அடைச்சிடுங்க.

ஓரத்தில் ஆறு இஞ்சுக்கு ஒரு கால்வனைஸ் ஆணி என்பது பொது விதி. தோண்டுகிற நாய் இருந்தால் ஆணியை மட்டும் நம்பாதீங்க, ஓரம் செங்கல்லின் மேல் மட்டத்துக்குக் கீழே இறங்கி உட்காரணும். நகம் மாட்ட நுனியே கிடைக்கக் கூடாது.

வேளச்சேரி வாசி
5 மார்ச், இரவு 10.15

பக்கத்து வீட்டில் பழைய ஃபுட்சால் டர்ஃப் (கால்பந்து மைதானத்துச் செயற்கைப் புல்) மலிவா கிடைக்குதுன்னு சொல்றாங்க. வாங்கிடலாமா?

சரளை
5 மார்ச், இரவு 10.40

வேண்டாம். அதற்குள் கறுப்பு ரப்பர் துகள் இருக்கும், பழைய டயரை அரைத்தது. எவ்வளவு உதறினாலும் முழுசாகப் போகாது. சூட்டையும் ஏத்தும், நாய் நக்கவும் நக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாதிரி பிளாஸ்டிக், ரப்பர் துகள்களைப் புதிதாக விற்பதை 2031 அக்டோபரோடு நிறுத்தச் சொல்லியிருக்கு, நுண்பிளாஸ்டிக் காரணமாக.

நிரப்ப ஏதாவது வேணும்னா கழுவிய சிலிக்கா மணல், உருண்டை மணியாக. சதுர அடிக்கு அரை கிலோ. அதுக்கு மேல் நாய் வீட்டுக்குத் தேவையில்லை.

புதுக் கணக்கு
6 மார்ச், காலை 8.05

ஜியோலைட்னு ஒரு கனிம மணி இருக்கு, அதைப் போடுங்க. அமோனியாவைப் பிடிச்சுக்கும், மழை பெய்தால் கழுவிப் புதுசாகிடும்.

சரளை
6 மார்ச், காலை 8.50

முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி விளம்பரம். ஜியோலைட் அம்மோனியத்தைப் பிடிப்பது சோடியத்தை விட்டுக்கொடுத்துத்தான். திரும்ப விட வைக்கவும் சோடியம் வேணும். மழைத்தண்ணியில் உப்பே இல்லை, அது எதை மாத்திக் கொடுக்கும்? எடுத்து உப்புக் கரைசலில் ஒரு நாள் ஊறப்போட்டு அலசணும். பரப்பி வச்ச புல்லிலிருந்து மணியை எப்படி எடுப்பீங்க? அங்கேயே உப்புத்தண்ணி ஊத்தினால் ஓரத்துச் செடி கருகும், நாய் நக்கும். தனியே எடுக்கக்கூடிய சின்ன இடத்துக்கு ஜியோலைட் நல்லது. முழுப்பரப்புக்கு வீண்.

வேளச்சேரி வாசி
6 மார்ச், இரவு 7.30

கழுவுற தண்ணி எங்கே போகணும்? மழைநீர் சேகரிப்பு உறைகிணறு அந்த மூலையில்தான் இருக்கு. அதில் விட்டுடலாம்னு இருந்தேன்.

சரளை
6 மார்ச், இரவு 8.45

நில்லுங்க. இதை முதல் நாளே கேட்டிருக்கணும் நான்.

ஒரு நாய் ஒரு நாளைக்கு, கிலோ எடைக்கு 24 முதல் 48 மி.லி. வரை மூத்திரம் போகும். உங்க ரெண்டும் சேர்ந்து ஒரு லிட்டரிலிருந்து ரெண்டு லிட்டர். மாசத்துக்கு ரெண்டு குடத்திலிருந்து நாலு குடம். அத்தனையிலும் யூரியா. பாக்டீரியா முதலில் அதை அமோனியாவாக்கும், மண்ணுக்குள் போனால் நைட்ரேட்டாகும். நைட்ரேட் கொதிக்க வச்சாலும் போகாது. உறைகிணறு பக்கத்து போர்வெல்லுக்குத்தான் ஊட்டுது. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினது சுத்தமான மழைத்தண்ணிக்கு.

சரி, சாக்கடை இணைப்புக்கு விடலாம் என்றால், 200 சதுர அடியில் விழும் மழையும் அதே வழியில் போகும். மழைத்தண்ணியைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கக் கூடாது.

யோசிச்சுட்டு வர்றேன்.

சரளை
7 மார்ச், காலை 6.20

இடத்தைப் பிரிச்சிடுங்க.

நாய் மூத்திரம் போக 6 அடிக்கு 4 அடி தனி மூலை. மேலே ஒரு தகரம், மழை விழக் கூடாது. கீழே சிமெண்ட் தளம், சுத்தி ரெண்டு இஞ்சு வரப்பு, அடிக்குக் கால் இஞ்சு சரிவு. சரிவின் கோடியில் கல்லி ட்ராப் (நாத்தம் திரும்பி வராமல் தடுக்கும் சின்னத் தொட்டி), அங்கிருந்து கழிவுநீர் அறைக்கு. தளத்து மேல் ட்ரெய்ன் செல், அதன் மேல் அதே புல்லில் வெட்டின ஒரு துண்டு. ஒட்டக் கூடாது, சும்மா வைக்கணும்.

துண்டு ரெண்டு வச்சுக்குங்க. ஒன்று விரிப்பில், ஒன்று கழுவிக் கொடியில். வாரம் ஒருமுறை மாத்துங்க. ஜியோலைட் ஆசை இருந்தால் வலைப்பையில் போட்டு ட்ரெய்ன் செல்லுக்கு அடியில் வையுங்க, எடுத்து ஊறப்போடலாம்.

மீதி இடம் விளையாட. அதில் விழுவது மழைத்தண்ணி. எப்பவாவது நாய் தவறினால் ஒரு வாளி ஊத்தினால் தீரும்.

ஜல்லி லாரி
7 மார்ச், காலை 7.00

இது சரி. 200க்கும் அரை யூனிட் கொட்டுங்கன்னு நான் சொன்னதும் இப்ப குறையும். தளம் 24 சதுர அடி போச்சு, செங்கல் வரிசை 7½ சதுர அடி. மீதி 168 சொச்சம். ஜல்லி 45 கன அடி, சிப்ஸ் 15 போதும். புல் மட்டும் குறையாது, மூணாவது துண்டில் வெட்டி எடுக்கும் 24 சதுர அடி அப்படியே மூலைக்கு ஆச்சு. மாத்துத் துண்டுக்கு இன்னும் 4 அடி நீளம் கூட வாங்குங்க.

புதுக் கணக்கு
7 மார்ச், காலை 9.30

நாத்தத்துக்குப் பினாயில் போதாதா?

கோம்பைக்காரர்
7 மார்ச், காலை 9.50

கறுப்புப் பினாயில் பக்கமே போகாதீங்க. ஃபீனால் நாய்க்கு விஷம், பூனைக்கு இன்னும் மோசம். கால் நனையும், காலை நக்கும், அவ்வளவுதான்.

பிளீச்சிங் பவுடரை மூத்திரம் இருக்கும்போதே கொட்டினால் அமோனியாவோடு சேர்ந்து குளோரமைன் வாயு கிளம்பும், கண்ணும் நெஞ்சும் எரியும். பார்வோ மாதிரி நோய் வந்த வீட்டுக்கு பிளீச் தேவைதான். அப்பவும் தண்ணி விட்டு நல்லா அலசி, அப்புறம் தண்ணி முப்பதுக்குத் திரவ பிளீச் ஒன்று என்று கலந்து, பத்து நிமிஷம் விட்டுக் கழுவணும். நாயை உள்ளே கட்டிட்டு.

தினப்படிக்கு: மலத்தை உடனே எடுக்கணும், மூலையில் ஒரு வாளி தண்ணி. வாரம் ஒருமுறை என்சைம் கிளீனர், சாயங்காலத்தில். வெயிலில் அடித்தால் ரெண்டு நிமிஷத்தில் காய்ந்துபோகும், என்சைம் வேலை செய்ய ஈரமாகப் பத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கணும்.

மொட்டைமாடி
7 மார்ச், காலை 10.30

வீட்டில் போடுற பயோ என்சைம்? வெல்லம் ஒன்று, எலுமிச்சைத் தோல் மூணு, தண்ணி பத்து?

சரளை
7 மார்ச், காலை 11.00

அதில் வேலை செய்வது பெரும்பாலும் புளிப்புதான். வினிகர் மாதிரி அமோனியாவை அடக்கும், அவ்வளவுதான். மூணு மாசம் முழுசாக நொதிக்கணும். வெல்லம் மிச்சமிருந்தால் மறுநாள் காலையில் புல் முழுக்க எறும்பு, நாய்க்குப் புது விளையாட்டு.

வேளச்சேரி வாசி
9 மார்ச், காலை 8.10

மூலைத் திட்டம் வீட்டில் ஓகே. ஆனா மூணு வயசு லேப், எங்கே வேணும்னாலும் போறவன். அந்த மூலையில் போகச் சொன்னா கேட்பானா?

கோம்பைக்காரர்
9 மார்ச், காலை 8.40

சொன்னா கேக்க மாட்டான், மோந்தா கேப்பான். அவன் மூத்திரத்தில் நனைச்ச செய்தித்தாளை ரெண்டு நாள் அந்தத் துண்டு மேல் வையுங்க. நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு பழைய பி.வி.சி. குழாயை நட்டு, அதன் மேலும் தடவுங்க. காலைத் தூக்குகிறவனுக்குக் கம்பம் வேணும், இல்லைன்னா உங்க செங்கல் வரிசையைக் கம்பமாக்கிடுவான். காலையில் கதவைத் திறந்ததும் கயித்தோட நேரா அங்கே கூட்டிட்டுப் போங்க, போன உடனே ஒரு பிஸ்கட் துண்டு. முதல் ரெண்டு வாரம் அந்தத் துண்டை ரொம்பச் சுத்தமாகக் கழுவாதீங்க.

சரளை
9 மார்ச், காலை 9.05

புல்லை விரிக்கிறதுக்கு முன்னாடியே மூலையைக் கட்டி இதை ஆரம்பிச்சிடுங்க. மண்ணில் பழகினதை மாத்துவது எளிது. புதுப் புல்லின் நடுவில் ஒருதடவை அடிச்சுட்டால் அந்த இடம் அவனுக்குப் பட்டா ஆகிடும்.